பாறையில் குவிந்த உப்பும் தேனும்

வாருங்கள், உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். மலைக்கும் கடலுக்கும் நடுவே எல்லைக்கல் நடுவதற்கு ஓர் அரசன் பிறந்திராத காலத்தில் நடந்த கதை இது.

கடலோரத்தில் உப்பு விளைவிக்கும் ஓர் ஊர் இருந்தது. மலைமேல் தேன் எடுக்கும் ஓர் ஊர் இருந்தது. கடற்கரை ஊரில் தேன் கிடையாது. மலை ஊரில் உப்பு கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஐந்து நாள் வண்டிப் பயணம்.

அதற்கும் முந்தைய காலத்தில், என்ன காரணம் என்று இப்போது யாருக்கும் தெரியாது, இரண்டு ஊரும் வெட்டிக்கொண்டு மடிந்தன. அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் போய்விட்டார்கள். உப்பில்லாமல் மலை மக்கள் சோர்ந்தார்கள். நெஞ்சுச் சளிக்குக் குழைத்துக் கொடுக்கத் தேனில்லாமல் கடற்கரைக் குழந்தைகள் இருமி இருமித் துவண்டார்கள். கடைசியில் இரு பக்கத்தாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். முகம் பார்த்தால்தானே கோபம் வருகிறது, இனி முகமே பார்க்க வேண்டாம்.

அதற்காக ஒரு முறை வகுத்தார்கள். மலையடிவாரத்தில் வண்டி அளவுக்குப் பத்துமடங்கு அகலமான ஒரு தட்டைப் பாறை இருந்தது. ஆண்டுக்கு மூன்று தடவை உப்புக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பாறைமேல் உப்பு மூட்டைகளை அடுக்குவார்கள். பறையை மூன்று முறை அடிப்பார்கள். பிறகு முதுகைக் காட்டி, அப்பால் இருக்கும் மேட்டுக்குப் பின்னே போய்விடுவார்கள். மலைக்காரர்கள் இறங்கி வருவார்கள். உப்பை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் தேன்குடங்களும் மிளகும் மூங்கிலரிசியும் வைத்துவிட்டுக் கொம்பு ஊதுவார்கள். கொம்புச் சத்தம் கேட்டதும் உப்புக்காரர்கள் போய் எடுத்துக்கொள்வார்கள். வைத்தது போதாது என்று தோன்றினால் தொடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் எதிராளி கொஞ்சம் கூட்டி வைப்பார். அவ்வளவுதான். பேச்சு இல்லை, பார்வை இல்லை, சண்டையும் இல்லை.

அறுபது ஆண்டுகள் இப்படியே ஓடின.

உப்பு வண்டிகளோடு வந்து பறை அடிக்கிறவன் பெயர் பூதன். ஐம்பதை நெருங்கியவன். நல்லவன்தான், ஆனால் எதிலும் குழம்புவான். எந்த மாட்டை எந்தப் பக்கம் பூட்டுவது என்று கேட்டால் இரண்டு மாட்டின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்பான். மழை வருமா என்று கேட்டால், "வரலாம் போலத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரியவில்லை" என்பான். ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள். அவன் மனைவி சேந்தியும் சிரிப்பாள், ஆனால் மற்றவர்கள் சிரித்தால் அவளுக்குப் பிடிக்காது. சேந்தியின் அண்ணன் அந்துவன்தான் வண்டிகளுக்கெல்லாம் தலைவன். அவன்தான் மைத்துனனுக்குப் பறையடிக்கும் வேலையைக் கொடுத்தான். மூன்று அடி, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை என்பது அவன் கணக்கு.

பூதனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அடித்துவிட்டு மேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கொம்புக்காகக் காத்திருப்பான். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே கொம்பு, ஒரே மூச்சு. தாழ்வாகத் தொடங்கும். நடுவில் இருமியதுபோல் ஒரு கணம் அறுந்துபோகும். பிறகு ஏறும். ஊதுகிறவன் உயரமானவனா, குட்டையானவனா, அவனுக்குப் பிள்ளைகள் உண்டா என்று பூதன் சில சமயம் யோசிப்பான். கேட்க வழியில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே முறை.

ஓர் ஆண்டு, இலுப்பை பூக்கும் பருவத்தில், பன்னிரண்டு வண்டிகள் உப்போடு வந்தன. காட்டுவழியில் கள்வர் பயம் இருந்ததால் வண்டிக்கு மூன்றுபேர் ஈட்டியோடு கூட வந்தார்கள். கூழ் காய்ச்சிக் கொடுக்கச் சேந்தியும் கூட வந்திருந்தாள். வழக்கமான அளவு மூட்டைகளைப் பாறையில் அடுக்கி, மீதியை வண்டிகளிலேயே விட்டார்கள். பூதன் மூன்று முறை அடித்தான். எல்லோரும் மேட்டுக்குப் பின்னால் போனார்கள்.

சூரியன் உச்சிக்கு வந்தது. கொம்பு ஊதவில்லை. உச்சியைத் தாண்டிச் சாய்ந்தது. அப்போதும் ஊதவில்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று போனார்கள்.

உப்பு மூட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒரு மூட்டையும் குறையவில்லை. யாரோ அவற்றின்மேல் தேக்கிலைகளைப் போட்டு மூடியிருந்தார்கள். பாறையின் மறுகோடியில் தேன்குடங்கள் வரிசையாக இருந்தன. நடுவில், குறுக்கே, சாம்பலால் ஒரு கோடு.

உப்பை எடுக்காமல் தேனை வைப்பானேன்? தேனை வைத்தவர்கள் கொம்பு ஊதாமல் போவானேன்? பூதன் சாம்பல் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்துவனுக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. "உப்பு போதாதாம். அதனால்தான் தொடவில்லை. ஆனால் இந்தச் சாம்பல் எதற்கு? நம் ஊரில் ஒருவனை ஒதுக்கி வைத்தால் அவன் வாசலில் சாம்பல் கொட்டுவோம். நம்மை அப்படி நினைக்கிறார்களா?" என்றான்.

"ஒதுக்கி வைக்கிறவர்கள் தேன் வைப்பார்களா, மச்சான்?" என்றான் பூதன்.

"அப்படியானால் இது என்ன, நீயே சொல்."

"எனக்குப் புரியவில்லை" என்றான் பூதன்.

அந்துவன் முறையை மீறுகிறவன் அல்ல. எதிராளி எடுக்காவிட்டால் கூட்டி வைக்க வேண்டும். மூன்று வண்டி உப்பைக் கூடுதலாக இறக்கினார்கள். தேனைத் தொடவில்லை. உப்பை அவர்கள் ஏற்றுக்கொள்ளாமல் தேனை எடுப்பது திருட்டு. பூதன் பறையடித்தான். போய்க் காத்திருந்தார்கள்.

இரண்டாம் நாளும் கொம்பு ஊதவில்லை. போய்ப் பார்த்தார்கள். உப்பு அப்படியே இருந்தது. புதிதாக வைத்த மூட்டைகளையும் தேக்கிலை போட்டு மூடியிருந்தார்கள். ஆனால் மறுகோடியில் தேன்குடங்கள் முந்தைய நாளைப்போல் இரண்டு மடங்காகியிருந்தன. மிளகுக் கூடைகளும் சேர்ந்திருந்தன. மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையின் வாயில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள்.

ஈட்டிக்காரர்கள் முகம் மாறினார்கள். "முள் போட்டால் வராதே என்றுதான் அர்த்தம்" என்றான் ஒருவன். "இலை போட்டு மூடியது நம் உப்பைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்று காட்டத்தான்" என்றான் இன்னொருவன். "ஒன்றும் வாங்காமல் இவ்வளவு தேன் கொடுப்பவன் உலகத்தில் உண்டா? இதில் நஞ்சு இருக்கிறது" என்றான் மூன்றாமவன்.

ஆளுக்கொரு பேச்சு. ஒவ்வொன்றும் கேட்கும்போது உண்மைபோலவே இருந்தது. பூதன் ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டுத் தலையாட்டினான். தலையாட்ட ஆட்ட அவன் குழப்பம் கூடியது. கடைசியில் ஒரு தேன்குடத்தை நெருங்கி, வெளியே வழிந்திருந்த ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

சேந்தி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "என்ன காரியம் செய்தீர்கள்?"

"தேன்தான் சேந்தி. நல்ல தேன்" என்றான் அவன்.

"நஞ்சில்லை, சரி. அப்படியானால் தூண்டில் இரை" என்றான் அந்துவன். அவன் கண் மலையின் பாறை இடுக்குகளைத் தேடியது. ஆனாலும் முறை முறைதான். மீதியிருந்த உப்பில் பாதியை இறக்கச் சொன்னான். அன்று ஈட்டிகளைப் படுக்கப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே எல்லோரும் மேட்டுக்குத் திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் யாரும் உச்சிவரை காத்திருக்கவில்லை. வெயில் ஏறத் தொடங்கியதுமே போனார்கள். பாறையின் ஒரு பக்கம் உப்பு ஆளுயரம். மறுபக்கம் தேனும் மிளகும் மூங்கிலரிசியும் ஆளுயரம். ஓர் ஆண்டு முழுவதும் மலை ஊரார் சேர்த்ததெல்லாம் அங்கே வந்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டு குவியலுக்கும் நடுவே, சாம்பல் கோட்டின்மேல், இரண்டாக உடைத்த ஒரு கொம்பு கிடந்தது.

அந்துவன் நீண்ட மூச்சு விட்டான். "இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? கொம்பை உடைத்துவிட்டார்கள். அறுபது ஆண்டு உறவை உடைத்துவிட்டார்கள். சாம்பல் போட்டு ஒதுக்கினார்கள். முள் போட்டு அடைத்தார்கள். இப்போது சண்டைக்கு அழைக்கிறார்கள். நாம் இந்தக் குடங்களைத் தூக்கக் குனியும்போது மேலிருந்து அம்பு வரும். அவர்கள் இறங்கி வருவதற்கு முன் நாம் ஏறிப் போய்த் தாக்கிவிட வேண்டும்."

ஈட்டிக்காரர்கள் தலையசைத்தார்கள். யாருக்கும் சந்தேகமே இல்லை.

பூதன் குனிந்து உடைந்த கொம்பைக் கையில் எடுத்தான். பழைய கொம்பு. வாய் வைக்கும் இடம் தேய்ந்து பளபளத்தது. நடுவில் மயிர்போல ஒரு விரிசலைத் தேன்மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். அந்த இடத்தில்தான் மூச்சு அறுந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. இருபத்திரண்டு ஆண்டு கேட்ட இருமல் இது. இப்படி மெழுகு வைத்துக் காப்பாற்றிய கொம்பை ஒருவன் ஊரை மிரட்ட உடைப்பானா? உடைப்பான் என்றும் சொல்ல முடியவில்லை, மாட்டான் என்றும் சொல்ல முடியவில்லை.

"மச்சான், நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றான்.

"எங்கே போய்?"

"மேலே."

"யாரைக் கேட்பாய்?"

"தெரியவில்லை."

"என்னவென்று கேட்பாய்?"

"அதுவும் தெரியவில்லை. இது என்ன என்று கேட்பேன்."

அந்துவனுக்குக் கோபம் வந்தது. "முகம் பார்க்கக் கூடாது என்பது முறை. நீ பாறையைத் தாண்டினால் முறையை உடைத்தவர்கள் நாம் என்று ஆகும். அம்பு விட்டால் என்ன செய்வாய்?"

"ஈட்டியோடு முப்பத்தாறு பேர் போனாலும் முறை உடையத்தானே போகிறது, மச்சான்? நான் ஒருவன் வெறுங்கையோடு போனால் கொஞ்சமாக உடையும். அம்பு விட்டால் நீங்கள் நினைத்தது சரி என்று தெரிந்துவிடும். நான் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் சாகவில்லை என்றாவது இருக்கும்."

அந்துவன் தங்கையைப் பார்த்தான். சேந்தியின் கண் நிறைந்திருந்தது. கணவன் தோளில் கிடந்த பறையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இந்தப் பாறையின் நிழல் முதல் வண்டியின் நுகத்தைத் தொடும்வரை பொறுப்பேன். அதற்குள் வராவிட்டால் நாங்கள் ஏறுவோம்" என்றான் அந்துவன்.

பூதன் சாம்பல் கோட்டுக்கு முன் வந்து நின்றான். மிதிக்கலாமா, தாண்டலாமா? தாண்டினான். முள்ளடைப்புக்கு முன் வந்து நின்றான். ஏறிக் குதிப்பதா, சுற்றிப் போவதா, எடுத்துவிட்டுப் போவதா? ஏறிக் குதிக்க முடியாது. சுற்றிப் போனால் ஒளிந்து வருகிறவன் என்று நினைப்பார்கள். யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, கை கிழியக் கிழிய முள்ளை நகர்த்தி உள்ளே போனான். உள்ளே போனவன் திரும்பி, முள்ளை முன்பு இருந்தபடியே இழுத்து வழியை அடைத்தான். அவர்கள் போட்டதை அவன் எடுத்துவிடக் கூடாது அல்லவா?

முதல் வளைவைத் தாண்டியதும் பத்துப் பன்னிரண்டு வில்லாளிகள் மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். பூதன் அறுபது ஆண்டில் மலைக்காரர் முகம் பார்த்த முதல் கடற்கரை ஆள். அவர்களும் கடற்கரை ஆள் முகம் பார்த்ததில்லை. பூதன் வெறுங்கையை விரித்துக் காட்டினான். பிறகு தரையில் உட்கார்ந்தான்.

வில்லாளிகளில் ஒருவன்தான் முதலில் பேசினான். மொழி ஒன்றுதான், இழுவைதான் வேறு. "எங்கள் தேனில் என்ன குறை?" என்றான். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"ஒரு குறையும் இல்லையே" என்றான் பூதன்.

"பிறகு ஏன் மூன்று நாளாக எடுக்கவில்லை?"

"எங்கள் உப்பில் என்ன குறை? அதை ஏன் நீங்கள் எடுக்கவில்லை?"

வில்லாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவனை எழுப்பி ஊருக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஊர் வெறிச்சென்று இருந்தது. குழந்தைகள் ஒருவரையும் காணோம். ஒரு குடிசை முன்னால் கூந்தலை விரித்துப்போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். பெயர் கூவை. பூதனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உப்புக்காரனா?" என்றாள்.

"ஆமாம், அக்கா. பறை அடிக்கிறவன்."

அவள் முகம் என்னவோபோல் ஆயிற்று. "நீதானா அது" என்றாள்.

அவள் சொன்னது இது. கொம்பு ஊதுகிறவன் அவளுடைய அண்ணன். பெயர் வேங்கன். உப்பு வண்டிகள் வருவதற்கு மூன்று நாள் முன் தேனெடுக்க ஏறிய இடத்தில் கயிறு அறுந்து விழுந்துவிட்டான். அந்த ஊரில் சாவு விழுந்தால் பதினாறு நாள் யாரும் உப்பைத் தொடக் கூடாது. தொட்டால் போனவனுக்கு வழி தெரியாமல் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"உங்கள் உப்பை எடுக்க முடியவில்லை. பனியில் கரைந்துவிடுமே என்று இலை போட்டு மூடினோம். ஐந்து நாள் நடந்து வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா? அதனால் தேனை வைத்தோம். எடுத்துக்கொண்டு போங்கள், உப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். நீங்கள் எடுக்கவில்லை. போதவில்லையாக்கும் என்று கூட்டி வைத்தோம்."

"நீங்கள் எடுக்கவில்லை, போதவில்லையாக்கும் என்று நாங்கள் கூட்டி வைத்தோம்" என்றான் பூதன்.

"சாம்பல் கோடு போட்டோமே. சாவு வீடு என்று அதிலேயே தெரிய வேண்டாமா?"

"எங்கள் ஊரில் சாம்பல் போட்டால் வேறு அர்த்தம், அக்கா."

"சாவு விழுந்த ஊர்த் தீட்டு வழிப்போக்கர்மேல் ஒட்டக் கூடாதென்று முள்ளைப் போட்டோம். அப்போதும் உங்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் அவன் கொம்பையே உடைத்து வைத்தேன். ஊதுகிறவன் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவாக என்ன சொல்ல? பேசக் கூடாது, பார்க்கக் கூடாது என்றால் வேறு என்ன செய்வோம்?" என்றாள் கூவை. பிறகு தணிந்த குரலில், "நேற்று உங்கள் பக்கம் ஈட்டிகள் மின்னியதைப் பார்த்தோம். என்ன குற்றம் செய்தோம் என்று தெரியவில்லை. குழந்தைகளைக் குகைக்கு அனுப்பிவிட்டோம்" என்றாள்.

ஒருமுறைகூடப் பார்த்திராத மனிதனுக்காக அழலாமா, அதற்குத் தனக்கு உரிமை உண்டா என்று பூதனுக்குத் தெரியவில்லை. அதை யோசிக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது.

கூவை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் உன்னைப் பற்றிச் சொல்வான்" என்றாள். "இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவே நீ கொஞ்சம் நிறுத்துவாயாம். இரண்டு அடித்தோமா மூன்று அடித்தோமா என்று அந்த ஆளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது என்பான். அந்த இடைவெளியைக் கேட்டுச் சிரிக்கத்தான் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருப்பான்."

பூதன் அழுதுகொண்டே சிரித்தான். உண்மையில் அந்தச் சந்தேகம் அவனுக்கு ஒவ்வொரு தடவையும் வந்ததுதான்.

சாவு வீட்டுக்கு வந்தவன் ஒரு வாய் கூழ் குடிக்காமல் போகக் கூடாது என்றாள் கூவை. நிழல் நகர்ந்துகொண்டிருக்குமே என்று பூதன் தவித்தான். குடிக்காமல் போனால் இவர்கள் மனம் நோகும், குடித்துவிட்டுப் போனால் அங்கே ஈட்டி ஏறும். என்ன செய்வது? உப்பில்லாத கூழைச் சுடச்சுட இரண்டு விழுங்கில் குடித்தான். நாக்கு வெந்தது. "அக்கா, நீங்களும் வாருங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் எதையும் உறுதியாகச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை" என்றான்.

கூவை எழுந்தாள். வில்லாளிகளும் கூட வந்தார்கள். தனியாக அவளை அனுப்ப அவர்களுக்கு மனமில்லை.

அவர்கள் முள்ளை விலக்கி வெளியே வந்தபோது பாறையின் நிழல் நுகத்தைத் தாண்டிவிட்டது. முப்பத்தாறு ஈட்டிக்காரர்களும் சாம்பல் கோடுவரை வந்து நின்றிருந்தார்கள். வில்லாளிகள் நாணை இழுத்தார்கள். ஈட்டிக்காரர்கள் கையை உயர்த்தினார்கள். ஒரு பக்கம் உப்புக் குவியல், ஒரு பக்கம் தேன் குவியல். நடுவே பூதனும் கூவையும்.

"பிடித்துக்கொண்டு வருகிறார்களா, அல்லது நீயாக வருகிறாயா?" என்று அந்துவன் கத்தினான்.

"நானாகத்தான் வருகிறேன். மச்சான், நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். இவரையே கேளுங்கள்" என்றான் பூதன்.

"என்ன கேட்பது?"

"உங்களுக்குப் புரியாத ஏதாவது ஒன்றை."

மூன்று நாளாக எல்லாம் புரிந்துவிட்டதாகவே அந்துவன் நினைத்துக்கொண்டிருந்தான். கேட்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "ஏன் இவ்வளவு தேன்?" என்றான்.

"நீங்கள் எடுக்காததால்" என்றாள் கூவை. "ஏன் இவ்வளவு உப்பு?"

"நீங்கள் எடுக்காததால்" என்றான் அந்துவன்.

அந்துவன் உப்புக் குவியலைப் பார்த்தான். தேன் குவியலைப் பார்த்தான். யாரோ ஒரு வில்லாளி களுக்கென்று சிரித்துவிட்டு, சாவு வீட்டுக்காரன் என்பது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டான். ஈட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நாண் தளர்ந்தது.

அதன்பிறகு அந்துவன் கேட்டான். சாம்பல் எதற்கு, முள் எதற்கு, கொம்பு எதற்கு என்று மூன்றையும் கேட்டான். மூன்றுக்கும் கூவை பதில் சொன்னாள். கொம்புக்குப் பதில் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. சேந்தி பறையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்துவன் தலை குனிந்தான். "நான் இன்று உங்கள் குடிசைகளைக் கொளுத்த வந்தேன்" என்றான். அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

"எங்கள் வில்லாளிகளும் உங்கள் மாடுகளின்மேல் குறி வைத்திருந்தார்கள்" என்றாள் கூவை.

ஆனால் குழப்பம் அத்தோடு தீரவில்லை. பொருளை என்ன செய்வது? உப்பு போகாமல் தேனை எடுக்க உப்புக்காரர்களுக்கு மனமில்லை. தேன் போகாமல் உப்பை அங்கே விட்டுவைக்க மலைக்காரர்களுக்கு மனமில்லை. முறையில் இதற்கு வழி சொல்லப்படவில்லை. பேசினார்கள், மறுத்தார்கள், திரும்பவும் பேசினார்கள். கடைசியில் வழக்கமான அளவை மட்டும் இரண்டு பக்கமும் வைத்துவிட்டு, கூட்டி வைத்ததையெல்லாம் அவரவர் திரும்ப எடுத்துக்கொள்வது என்று ஆயிற்று. தேன் வண்டியில் ஏறியது. துக்கம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை உப்பு பாறையிலேயே இருக்கும். காவலுக்கு இந்தப் பக்கம் இரண்டுபேர், அந்தப் பக்கம் இரண்டுபேர்.

"நான் இருக்கிறேன்" என்றான் பூதன்.

"நானும் இருக்கிறேன். இவரைத் தனியாக விட்டால் அடுப்பை எந்தப் பக்கம் மூட்டுவது என்று பத்து நாளும் யோசித்துக்கொண்டிருப்பார்" என்றாள் சேந்தி.

மலையிலிருந்து கூவையும் வில்லாளிகளில் ஒருவனும் வந்தார்கள். நால்வரும் தேக்கிலையால் ஒரு பந்தல் போட்டார்கள். உப்பு மூட்டைகளின் நடுவே உட்கார்ந்துகொண்டு உப்பில்லாத கூழைக் குடித்தார்கள். பகலெல்லாம் பேசினார்கள். உங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் என்ன செய்வீர்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், வாசலில் தழை கட்டினால் என்ன அர்த்தம், கதவைத் திறந்து போட்டால் என்ன அர்த்தம் என்று பூதன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒன்றைக் கேட்டால் அதிலிருந்து இன்னொரு குழப்பம் முளைக்கும். அதையும் கேட்பான். கூவைக்கு அலுக்கவில்லை. அண்ணனைப் பற்றிப் பேச அவளுக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் முடிந்தது. குகைக்குப் போன குழந்தைகள் எல்லாம் இறங்கி வந்தார்கள். உப்புக்காரர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு, நம் முகம் மாதிரியேதான் இருக்கிறது என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்கள்.

அன்று முதல் பழைய முறையோடு புதிதாக ஒன்று சேர்ந்தது. பறை உண்டு, புதுக் கொம்பு உண்டு, விலகிப் போவதும் உண்டு. ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வோர் ஆள் பாறையின் நடுவில் எதிரெதிரே உட்கார வேண்டும். கையில் ஆயுதம் கூடாது. புரியாததைக் கேட்பதும், கேட்டதற்குப் பதில் சொல்வதும் மட்டும்தான் அவர்கள் வேலை.

அடுத்த பருவத்தில் அங்கே முதலில் போய் உட்கார்ந்தது பூதன் அல்ல. நான் போகிறேன் என்று அந்துவன் கேட்டு வாங்கிக்கொண்டான். எதையும் அறிந்தவன்போல் நடந்தே பழகிய அந்தப் பெரிய மனிதன் பாறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரே இருந்த மலைக்காரனைப் பார்த்து வெகுநேரம் தொண்டையைச் செருமினான். பிறகு, "உங்கள் மிளகு இந்த ஆண்டு ஈரமாக இருக்கிறதே, எனக்கு ஏன் என்று தெரியவில்லை. சொல்கிறீர்களா?" என்று கேட்டான். மலைக்காரன் சொன்னான். மழை தள்ளிப் பெய்ததாம். அந்துவன் சரி என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் திரும்பி வரும்போது அவன் நெற்றி வேர்த்திருந்தது. ஈட்டி பிடிப்பதைவிட இது கடினமாக இருக்கிறது என்று தங்கையிடம் சொன்னான்.

அதன்பின் எத்தனையோ பருவங்கள் வந்தன. எடை குறைந்த மூட்டை வந்தது, புளித்த தேன் வந்தது, நாள் தவறி வண்டி வந்த பருவமும் உண்டு. ஒவ்வொரு தடவையும் இரண்டுபேர் பாறையில் உட்கார்ந்து கேட்டார்கள், சொன்னார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே மறுபடி ரத்தம் சிந்தவில்லை.

இதனால் அறிவது என்னவென்றால், புரியாததைப் பகையென்று தீர்மானிக்காமல், புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு போய்க் கேட்டவர்களால்தான் அந்நாளில் ஊரும் ஊரும் ஒன்றி வாழ்ந்தன.